நின்றுகொண்டே சொல்லும் பொய்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் கணினி படிக்கும் கடைசி வருடப் பிள்ளை யாரையாவது நிறுத்தி, ஸ்க்ரம் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் சொல்வார்கள். இரண்டு வார ஸ்பிரின்ட், பதினைந்து நிமிட ஸ்டாண்ட்அப், புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், பேக்லாக், ரெட்ராஸ்பெக்டிவ். சரி, நீங்கள் எழுதிய மென்பொருளை உங்களைத் தவிர வேறு யாராவது ஒரு நாளாவது பயன்படுத்தியிருக்கிறார்களா என்று அடுத்துக் கேளுங்கள். சிரிப்பார்கள். அல்லது தரையைப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் மேல் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓ.எம்.ஆர். சாலையில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். அழைத்தால் ஊர்ப்பக்கக் கல்லூரிகளுக்குப் போய் இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் பேசுவதும் உண்டு. அப்படிப் போகும்போதெல்லாம் வயிறு எரிகிற விஷயம் இது. ஏஜைல் என்ற பெயரில் இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படுவது ஒரு வேலைமுறை அல்ல, ஒரு மந்திரம். அந்த வேலைமுறைக்குள் தொழிலாளிக்குச் சாதகமாக இருக்கும் ஒரே ஒரு விஷயத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் சடங்கை மட்டும் கையில் கொடுக்கிறோம்.

அந்த ஒரு விஷயம் என்ன என்பதற்கு முன்னால், சடங்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்துவிடலாம்.

2008இல் அண்ணா பல்கலைக்கழகம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உறுப்புக் கல்லூரிகளைத் தொடங்கியது. சுற்றிலும் தனியார் கல்லூரிகளும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 72தான். அதனால் இந்தக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் தாலுகா ஆபீசில் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். 2022இல் நான் முதல்வன் திட்டம் வந்தது. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். ஐ.டி. வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் பஸ் ஏற வேண்டும் என்ற நிலை கொஞ்சம் மாறுகிறது. நல்லது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை.

பாடத்திட்டத்துக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் மென்பொருள் பொறியியல் தாளின் முதல் அலகிலேயே ஏஜைல் வந்துவிடுகிறது. தேர்வுத்தாளில் பார்ட் பி கேள்விக்கு 13 மதிப்பெண். ஸ்க்ரமின் மூல ஆவணமான 'ஸ்க்ரம் கைடு', 2020 பதிப்பில், மொத்தமே 13 பக்கம்தான். பக்கத்துக்கு ஒரு மார்க். ஆனால் அந்த 13 பக்கத்தை முழுசாகப் படித்த மாணவரையோ ஆசிரியரையோ நான் இங்கே இன்னும் சந்திக்கவில்லை. இணையத்தில் இலவசமாகத்தான் கிடக்கிறது. வகுப்பில் ஓடுவது ஸ்லைடு. ஸ்லைடைப் பார்த்து எழுதிய நோட்ஸ். நோட்ஸைப் பார்த்து எழுதிய 'டூ மார்க் கொஸ்டின் பேங்க்'.

படித்திருந்தால் சில ஆச்சரியங்கள் காத்திருக்கும். ஸ்டோரி பாயின்ட் என்ற சொல் அந்த ஆவணத்தில் கிடையாது. வெலாசிட்டி கிடையாது. யூசர் ஸ்டோரியும் கிடையாது, அது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற வேறொரு முறையிலிருந்து வந்தது. தினசரிக் கூட்டத்தில் நிற்க வேண்டும் என்றுகூட எங்கும் எழுதவில்லை. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதும் உண்டா என்ற புகழ்பெற்ற மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். நம் கேள்வி வங்கியில் அவை இன்னும் சுகமாக இருக்கின்றன. ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தவர் என்று கருதப்படும் ரான் ஜெஃப்ரீஸ், அது தன் வேலையாக இருந்தால் அதற்காக வருந்துவதாக 2019இல் எழுதினார். நாம் அதற்கு ஐந்து வித்தியாசம் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம்.

வரலாறும் இப்படித்தான். வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் 'வாட்டர்ஃபால்' முறையைக் கண்டுபிடித்தார், அது மோசம், அதனால் ஏஜைல் வந்தது என்று ஒரு புராணம் சொல்லப்படுகிறது. ராய்ஸின் கட்டுரையில் வாட்டர்ஃபால் என்ற சொல்லே இல்லை. அந்தப் படத்தை வரைந்த கையோடு, இப்படி நேர்கோட்டில் போவது ஆபத்து என்று அவரே எச்சரிக்கிறார். ஸ்க்ரம் என்ற பெயர் 1986இல் தாக்கேயூச்சி, நோனாகா என்ற இரண்டு ஜப்பானிய மேலாண்மை ஆய்வாளர்கள் ரக்பி ஆட்டத்திலிருந்து எடுத்த உவமை. அவர்கள் எழுதியது கார், கேமரா, நகலெடுக்கும் எந்திரம் செய்யும் குழுக்களைப் பற்றி. அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்து 1995இல் பொதுவெளியில் வைத்தவர்கள் ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ஏஜைல் அறிக்கையை எழுதினார்கள்.

அந்தப் பதினேழு பேரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எல்லோருமே தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். வாடிக்கையாளர் முகத்துக்கு நேராக 'இது இந்த மாதம் முடியாது' என்று சொன்னால் அடுத்த வேளைச் சோற்றுக்குப் பங்கம் வராத இடத்தில் இருந்தவர்கள். இந்த முறை முழுவதும் அப்படி ஓர் ஆளை மனதில் வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்பிரின்ட்டில் எவ்வளவு வேலை எடுப்பது என்பதை அந்த வேலையைச் செய்யப்போகிறவர்தான் முடிவு செய்கிறார். அது எவ்வளவு பெரிய வேலை என்று கணிப்பவரும் அவரே. எப்படிச் செய்வது என்று வெளியிலிருந்து யாரும் உத்தரவு போட முடியாது. ஸ்க்ரம் கைடு இதையெல்லாம் வளவளப்பு இல்லாமல் சொல்கிறது. நான் சொன்ன அந்த ஒரே விஷயம் இதுதான். 'முடியாது' என்று சொல்லும் உரிமை. மற்றதெல்லாம் காலண்டர் வேலை.

இப்போது இதை நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்து வையுங்கள். நம் ஊரில் நிற்பது என்றால் என்ன? பெஞ்சு மேல் ஏறி நிற்பது. வகுப்புக்கு வெளியே நிற்பது. எச்.ஓ.டி. அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பதினாறு வருடம், நிற்க வைத்துக் கேட்டால் 'எஸ் சார்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை என்று பழக்கிய ஒரு பிள்ளையை, இருபத்தொரு வயதில் ஆபீசில் வட்டமாக நிற்க வைத்து, தடை ஏதும் உண்டா என்று கேட்கிறோம். என்ன சொல்லும்?

"நோ பிளாக்கர்ஸ், சார்."

இதை ஆயிரம் முறையாவது கேட்டிருப்பேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தொடர்ந்து ஒன்பது நாள் 'நோ பிளாக்கர்ஸ்' சொன்னாள். பத்தாவது நாள், அவளுக்குச் சோதனை சர்வரில் நுழையவே அனுமதி தரப்படவில்லை என்று தெரிந்தது. ஒன்பது நாளும் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள். டீம் லீடு கேட்டார்: "ஏம்மா, டெய்லி கேக்கறேன்ல, சொல்லக்கூடாதா?" அவள் சொன்னாள்: "சொன்னா எனக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனப்பீங்கன்னு நெனச்சேன் சார்." அதற்குப் பிறகு எங்கள் ரெட்ராஸ்பெக்டிவில் என்ன எழுதினோம் தெரியுமா? 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் மேம்படுத்த வேண்டும்.' அவளுடையதை. அனுமதி கொடுக்காத துறையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஸ்க்ரம் முறைப்படி அது ஸ்க்ரம் மாஸ்டரின் தோல்வி. குழுவின் முன்னால் கிடக்கும் தடைகளை நீக்குவதுதான் அந்தப் பதவியின் வேலை. நம்மிடம் ஸ்க்ரம் மாஸ்டர் என்றால் பழைய மேஸ்திரிக்குப் புதுச் சட்டை. காலையில் ஆள் கணக்கு எடுப்பார், மாலையில் ஜிராவில் டிக்கெட் நகர்ந்ததா என்று பார்ப்பார். மேஸ்திரியைக் குறைத்துச் சொல்லவில்லை. சென்ட்ரிங் வேலையில் மேஸ்திரி, கம்பி வராமல் ஆளைச் சாரத்தில் ஏற்ற மாட்டார்.

பிளாக்கர் என்றதும் விழுப்புரம் ஜங்ஷன் ஞாபகம் வருகிறது. ஐந்து திசையிலிருந்து தண்டவாளம் வந்து சேரும் இடம். சென்னை, புதுச்சேரி, காட்பாடி, விருத்தாசலம், கடலூர். ரயில்வேயில் ஒரு பிளாக் செக்‌ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன்னால் போன வண்டி அந்தப் பிளாக்கைத் தாண்டும்வரை அடுத்ததற்குக் கை காட்ட மாட்டார்கள், அதில் எப்பேர்ப்பட்ட வி.ஐ.பி. உட்கார்ந்திருந்தாலும் சரி. 'கையில் எடுத்த வேலைக்கு உச்சவரம்பு வை' என்று கான்பான்காரர்கள் படம் போட்டு விளக்குவதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஆள் தலையில் ஆறு டிக்கெட்டை ஏற்றிவிட்டு ஆறும் 'இன் புராக்ரஸ்' என்று சந்தோஷப்படும் மேனேஜரை நம் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவரிடம் ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பலாம்.

இன்னொரு சொல், 'கமிட்மென்ட்'. ஸ்பிரின்ட் தொடக்கத்தில் குழு எடுத்துக்கொள்ளும் வேலைப்பட்டியலுக்கு முன்பு இந்தச் சொல்தான் இருந்தது. 2011இல் ஸ்க்ரம் கைடில் அதை மாற்றி 'முன்கணிப்பு' என்று வைத்தார்கள். காரணம் எளிது. உறுதிமொழி என்றால் அதைக் காப்பாற்ற ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வைக்கலாம். முன்கணிப்பு தப்பலாம், தப்பும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி நகராமல் நின்றபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. வானிலை மையத்தைத் திட்டினோம், வாஸ்தவம். ஆனாலும் 'நீங்க கமிட் பண்ணீங்களே' என்று சொல்லி, புயலை ஞாயிற்றுக்கிழமை வந்து முடித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. நம் ஆபீசில் அதைத்தான் சொல்கிறோம். உலகம் அந்தச் சொல்லை மாற்றி இத்தனை வருடம் ஆகிறது. நம் பயிற்சி வகுப்பில் அது மாறவில்லை, ஏனென்றால் மாறினால் பலருக்கு அசௌகரியம்.

யாருக்கு அசௌகரியம்? நம் சேவை நிறுவனங்களின் ஒப்பந்தங்களைப் பார்த்தால் புரியும். நிறைய ஒப்பந்தங்களில் தேதி, விலை, வேலையின் அளவு மூன்றும் விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரோடு பேசும்போதே கட்டப்பட்டுவிடும். அதற்குப் பிறகு நடக்கும் ஸ்பிரின்ட் பிளானிங் என்பது தாலி கட்டி முடிந்தபின் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பது. குழு 'எட்டு வேலைதான் முடியும்' என்றால், 'பன்னிரண்டு என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது' என்று பதில் வரும். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர் வைக்கக்கூடாது என்பது இல்லை. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கல்லூரியில் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'அம்மா, இந்த முறை உனக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நீ போகும் இடத்தில் அதைத் தர மாட்டார்கள். தரவில்லை என்பதாவது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.' இதைச் சொல்ல 13 மார்க் தேவையில்லை.

சொல்லாததோடு, விற்கவும் செய்கிறோம். சான்றிதழ் வியாபாரம். ஸ்க்ரம் அலையன்ஸ் தரும் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழுக்கு இரண்டு நாள் வகுப்பு, 50 கேள்வி, ஒரு மணி நேரம், 37 சரியாக இருந்தால் பாஸ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2009இல் அங்கிருந்து பிரிந்த ஷ்வேபர் ஸ்க்ரம்.ஆர்க் என்று தனிக்கடை போட்டார். அங்கே 80 கேள்வி, அதே ஒரு மணி நேரம், 85 விழுக்காடு எடுக்க வேண்டும். புதுப்பிக்கத் தேவையில்லை. இரண்டில் இது மேல். பணிபுரியும் ஓர் ஆள் தன் காசில் எழுதிக்கொண்டு போகட்டும். ஆனால் ஒருநாள்கூடக் குழுவாக வேலை செய்யாத மாணவனுக்கு, இதைப் படித்தால் நேரடியாக ஸ்க்ரம் மாஸ்டர் ஆகலாம் என்று ஆசை காட்டி ஆயிரக்கணக்கில் வசூலிப்பது பகல் கொள்ளை. சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்கு டிராஃபிக் போலீஸ் பயிற்சி. போதாக்குறைக்கு அந்த வேலையே உறுதியில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி தன் ஏஜைல் பணியிடங்களை, ஆயிரத்து நூறுக்கும் மேல், ஒரே மூச்சில் நீக்கியது. அந்த வேலைகளைப் பொறியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றது.

இந்த இடத்தில் கல்லூரிகளில் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. "தம்பி, நீங்க செட்டில் ஆயிட்டீங்க. எங்க பசங்களுக்கு இன்டர்வியூல இதத்தான் கேக்கறான். இந்த வார்த்தை தெரியலன்னா முதல் ரவுண்டுலயே வெளிய தள்ளிடுவான்." நியாயமான பேச்சு. ஒரு பிளேஸ்மென்ட் அதிகாரி தன் நூறு பிள்ளைகளை எப்படியாவது கரையேற்றப் பார்ப்பதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை. என் பதில் இவ்வளவுதான். அந்த வார்த்தைகளைச் சொல்லித்தர ஒரு மதியம் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தால் டீ வருவதற்குள் முடித்துவிடலாம். மீதி மூன்றரை வருடத்தை என்ன செய்கிறீர்கள்?

ஊரறிந்த ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட் விலைக்கு வாங்கப்படுகிறது. எல்லோரும் இல்லை, நிறையப் பேர். புராஜெக்ட் சென்டரில் தலைப்பு, பேஸ் பேப்பர், கோடு, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். ஜீரோத் ரிவ்யூ, முதல் ரிவ்யூ, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஸ்லைடு கூடும். ஸ்பிரின்ட் ரிவ்யூ என்பதன் உருவம் அப்படியே இருக்கிறது பாருங்கள். குறிப்பிட்ட இடைவெளியில் வேலையைக் காட்டுவது, கருத்துக் கேட்பது, திருத்துவது. பயன்படுத்தப் போகிறவர் மட்டும் அந்த அறையில் இல்லை. அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தால் நாலே மாதத்தில் ஏஜைல் என்றால் என்னவென்று எலும்புவரை தெரிந்திருக்கும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு, புராஜெக்ட் வாங்கக் காசில்லாத காரணத்தாலேயே என்னிடம் வந்த இரண்டு பேர், ஒரு பையனும் ஒரு பெண்ணும். மயிலம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டிக்குக் கணக்கு எழுதும் ஆப் செய்யலாம் என்று முடிவாயிற்று. பையனின் அம்மா அங்கே பால் ஊற்றுகிறவர். காலையும் மாலையும் ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் பார்த்து, உறுப்பினர் எண்ணுக்கு நேரே எழுதி, பட்டுவாடா நாளில் கூட்டிப் பணம் தருவார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து போனில் ஓடும் அழகான ஆப் ஒன்றைச் செய்தார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். செயலாளர் ஒரு நிமிடம் பார்த்தார்.

"பாப்பா, நல்லாத்தான் கீது. கை பூரா பாலு. ஈரக் கையில இத எப்படித் தொடறது?"

தொட்டார். திரை கேட்கவில்லை. வரிசையில் பதினைந்து பேர் கேனோடு நின்றார்கள். அவர் நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். மூன்று வார வேலை மூன்று நிமிடத்தில் செத்தது.

எந்தத் தேவை ஆவணத்திலும் 'கை ஈரமாக இருக்கும்' என்று எழுதியிருக்காது. செயலாளரைக் கூப்பிட்டு உட்கார வைத்து உங்கள் தேவை என்ன என்று கேட்டிருந்தாலும் அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது ஒரு தகவலே இல்லை, அது அவர் கை. செய்து காட்டினால்தான் வெளியே வரும். ஸ்னோபேர்டில் பதினேழு பேர் எழுதியதன் சாரமும் இதுதான், வேறொன்றுமில்லை. அடுத்த வாரம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நம்பர் மட்டும் இருக்கும் கீபோர்டைச் செருகி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுபோனார்கள். அது வேலை செய்தது. அதற்கடுத்த வாரம் வேறு பிரச்சினை. எஸ்.எம்.எஸ். வேண்டாம், கையில் துண்டுச்சீட்டு வேண்டும் என்றார்கள் பால் ஊற்றும் பெண்கள். போன் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, கணக்கு அவருக்குப் போகிறது, பணமும் போகிறது. சீட்டு என்றால் அது தங்கள் முடிச்சில் இருக்கும். ஆப்பில் பட்டன் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்னிடம் போனில் இதைச் சொன்னபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. பட்டுவாடாவுக்கு முன்னால் முன்பணம், தீவனக் கடன் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துத் தர முடியுமா என்று செயலாளர் கேட்டார். பையன் வழக்கம்போல 'சரிங்க ஐயா' என்று தலையாட்டப் போக, அந்தப் பெண் குறுக்கே விழுந்து சொன்னாள்: "இல்லீங்கய்யா, முன்பணம் மட்டும் முடியும். தீவனம் அடுத்த பட்டுவாடாவுக்குத்தான்." அவர் கோபப்படவில்லை. சரி, தீவனத்தை நோட்டிலேயே எழுதிக்கிறேன் என்றார். எட்டு செமஸ்டரில் ஒரு பெரியவரிடம் அவள் சொன்ன முதல் 'முடியாது' அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இறுதி வைவாவில் வெளித்தேர்வாளர் மூன்று கேள்வி கேட்டாராம். பேஸ் பேப்பர் எது? இதில் நாவல்டி என்ன? மெஷின் லேர்னிங் ஏன் இல்லை? பேஸ் பேப்பர் இல்லை என்பதற்காக மார்க் குறைந்தது. பக்கத்து டீம், புராஜெக்ட் சென்டரில் வாங்கிய முகம் கண்டறியும் மென்பொருளைக் காட்டி அதிக மார்க் வாங்கியது. அவர்களுடைய ரிப்போர்ட்டில் ஏஜைல் முறையைப் பின்பற்றியதாக ஒரு முழு அத்தியாயம் இருந்தது, பர்ன்டவுன் சார்ட்டோடு.

துறைத் தலைவர்களே, அடுத்த பேட்ச்சுக்கு ஒன்று செய்து பாருங்கள். ஜீரோத் ரிவ்யூவைக் கல்லூரி செமினார் ஹாலில் வைக்காதீர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் இருக்கின்றன, நெல்லும் மணிலாவும் வரும் நாளில் போங்கள். உரக்கடை, தையற்கடை, கிளை நூலகம், ஊருக்கு ஊர் பால் சொசைட்டி. நாலு பேர் கொண்ட குழு ஒவ்வொன்றையும் ஓர் இடத்தோடு கட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய், ஓடுகிற எதையாவது காட்டட்டும். பயன்படுத்துகிறவர் சொல்வதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதி வாங்கி வரட்டும். இன்டர்னல் மார்க்கில் பாதியை அந்தக் கடைக்காரர் போடட்டும். நாவல்டி என்ன என்ற கேள்வியை வெளித்தேர்வாளர் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.